வாளையார் பஸ் ஏறிய மனுஷன்

போன வருஷம் ஆடி மாதம், கோவையில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்து நரம்பு டாக்டரிடம் காட்டியதில், பார்க்கின்சன் நோய் என்றார்கள். புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்து அளவையும் கூட்டியபின் நடுக்கம் நன்றாகக் குறைந்தது. காபி டம்ளரைச் சிந்தாமல் பிடித்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்த நிம்மதி எங்கே நிலைத்தது? கொஞ்ச நாளில் மனுஷன் காலையிலேயே ஷேவ் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். "எங்கீங்க போறீங்க?" என்றால், "சும்மா நடந்துபோட்டு வாரேன்" என்பார். திரும்பி வர மத்தியானம் ஆகும். வந்தாலும் சாப்பாட்டில் மனசு இருக்காது. பேரன் எடுத்த வயதில் இது என்ன சிங்காரம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாரோ ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் பின்னாலேயே போனேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில், கேரள எல்லைக்குப் போகும் வாளையார் பஸ்ஸில் அவர் முன்வாசலில் ஏற, நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசலில் ஏறினேன். வாளையாரில் என் சொந்தம் யாரும் இல்லை, அவர் சொந்தமும் இல்லை. இறங்கினவர் நேராக எல்லையைத் தாண்டி ஒரு கடை முன்னால் போய் நின்றார். லாட்டரிக் கடை! நம் பக்கம்தான் லாட்டரி கிடையாதே, அதற்காக மெனக்கெட்டு கேரளாவுக்கே போயிருக்கிறார். சீட்டாட்டம் நடக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், சீட்டுகளைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. மகள் பிறந்த அன்றுதான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

பொம்பளையாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். லாட்டரிக் கடையோடு எப்படிச் சண்டை போடுவது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் மறைக்கவில்லை. "எனக்கே தெரியல அம்மணி. போகக்கூடாதுன்னு நெனச்சுத்தான் படுக்கறேன். விடிஞ்சா காலு தானா உக்கடத்துக்குப் போயிருது" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் இரங்கிப்போய்க் காபி போட எழுந்தேன். அப்போது பின்னாலிருந்து, "அன்னூர் சைட்ட வித்துப்போடலாமா?" என்கிறார்! மகளுக்கென்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிப்போட்ட இடம் அது. அழுத கண்ணு காயவில்லை, அதற்குள் இப்படி ஒரு கேள்வி. எது நடிப்பு, எது நிஜம்? இனி இந்த மனுஷனோடு ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது, திருப்பூரில் மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று தீர்மானித்தேன். டாக்டரிடம் மாதாமாதம் காட்டும் முறை அந்த வாரம் இருந்தது. அதை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன்.

டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாக, "புதுசா ஏதாச்சும் பழக்கம் வந்திருக்குதுங்களா? சூதாட்டம், கண்டதையும் வாங்கறது, ஓயாம சாப்பிடறது, அந்த மாதிரி?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

"அவர் கெட்டுப்போயிரலீங்கம்மா. இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும்" என்றார் டாக்டரம்மா. மூளையில் டோபமைன் என்று ஒன்று இருக்கிறதாம். கை கால் சரியாக அசைவதற்கும் அது வேண்டும், 'வேணும், வேணும்' என்று மனசை இழுப்பதும் அதுதானாம். இந்த நோயில் அது குறைந்துபோகிறது. மாத்திரை அதன் வேலையைச் செய்யும்போது, சிலருக்குக் கைக்குச் சரியாக இருக்கிற அளவே ஆசை விஷயத்தில் அளவுக்கு மீறிப்போகிறது. பரிசு விழவே வேண்டாம், விழும் என்ற எதிர்பார்ப்பே ஆளை இழுத்துக்கொண்டு போகுமாம். குடியிலும் சூதிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கும் மூளையில் ஏறக்குறைய இதே இடம்தான் மாறிப்போகிறது என்றார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு கொடுக்கிறேன் என்றும் சொன்னார்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? மாத்திரை மேலா? மகள் வீட்டுக்கு நான் போகவில்லை.

சில வாரங்களில் லாட்டரிப் பேச்சே நின்றது. கை மட்டும் மறுபடி கொஞ்சம் ஆட ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் அவராகவே சொன்னார்: "இப்ப அந்த ஆசையே இல்ல அம்மணி. ஆனா அந்தப் பஸ்ல போறப்ப மனசு சின்னப் பையனாட்டம் துள்ளும். அது மாத்திரைதான்னா, அத்தன சந்தோசப்பட்டது யாரு?"

எங்கள் தெருமுனையில் ஒரு ஒயின்ஷாப் இருக்கிறது. வாசலில் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்து, "சோத்துல உப்புப் போட்டுத் திங்கறானுகளா?" என்று திட்டிக்கொண்டே போனவள்தான் நான். இப்போது வாய் வரவில்லை. குடிக்கிறவன் மேல் தப்பே இல்லை என்று சொல்லவும் மனசு ஒப்பவில்லை. என் வீட்டுக்காரருக்காவது குறைப்பதற்கு ஒரு மாத்திரை இருந்தது, அந்த ஆட்களின் பெண்டாட்டிகள் எதைக் குறைப்பார்கள் என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு நாளும் அந்த முனையைத் தாண்டுகிறேன்.