மீன்குஞ்சுக்கு நீச்சல்

என் வீட்டுக்காரருக்கு நீந்தத் தெரியாது என்பது கல்யாணமாகி முக்கால் வருஷம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு மாடி அறையில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது. எனக்கு நீந்தத் தெரியும் என்பது அதற்கும் ஒரு மாதம் கழித்து அவருக்குத் தெரியவந்தது. இத்தனைக்கும் இரண்டு பேரும் தூத்துக்குடிக்காரர்கள். கோயில் மணி அடித்தால் இரண்டு வீட்டுக்கும் கேட்கும், அலை அடித்தாலும் கேட்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கடல் மீன்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. கல்யாணம் பேசும்போதே நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். கூட வருகிறேன், ஆனால் சோறு பொங்கிப் போட மட்டும் வரமாட்டேன், நானும் படிப்பேன். அவர் சரி என்றார். அப்போது என்ன கேட்டாலும் சரி என்றிருப்பார். அப்படித்தான் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் அவர் மீன் படிக்கவும், நான் ஆசிரியர் பயிற்சி படிக்கவும் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பேரும் அவருடைய உதவித்தொகையை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, காசு போட்டால் எரிகிற ஒரு கேஸ் அடுப்பு. மேசை யாருக்கு என்பதில் முதல் சண்டை. சட்டி யார் கழுவுவது என்பதில் இரண்டாவது. அவர் தன் வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்ததில்லை. காலையில் நானும் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அவர் மேசை முன்னால் உட்கார்ந்து தட்டு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் வெறும் தட்டை வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் ஒரு ரசம் வைத்திருந்தார். புளிக்குப் பதில் தக்காளியும் எலுமிச்சையும் போட்டு, வாயில் வைக்க முடியாத ரசம். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சட்டியை அவரே கழுவினார்.

இப்படி ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார். கல்லூரியில் தேநீர் வேளை. அவருடைய பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால், இவர் முத்துக்குளிக்கும் கடற்கரையிலிருந்து வந்தவர் என்று அறிமுகம் செய்தார். எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர் என்று இவர் சொன்னார். அது நிஜம். நீயும் முங்குவாயா என்று யாரோ கேட்டார்கள். சின்ன வயதிலிருந்தே என்று சொல்லிவைத்தார். அது கலப்படமில்லாத பொய். பேராசிரியர் பூரித்துப்போய், வசந்த காலத்தில் ஆராய்ச்சிக் கப்பலில் வடகடலுக்குப் போகும் குழுவில் இவர் பெயரையும் சேர்த்துவிட்டார். கப்பலில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரு நீச்சல் பரிசோதனையில் தேற வேண்டுமாம். உனக்கு அது விளையாட்டுதானே என்று முதுகில் வேறு தட்டியிருக்கிறார். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கணுமா என்று நம் ஊரில்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏளா, எனக்கு நீந்தத் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பொறவு எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"அத்தன பேரு முன்னால, முத்துக்குளிச்சவன் பேரனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எப்படிளா சொல்ல?"

"இப்பம் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா கப்பல் இல்ல. கப்பல் இல்லன்னா மீன் இல்ல. மீன் இல்லன்னா அடுத்த வருசம் பணம் குடுக்க மாட்டான். ரெண்டு பேரும் மூட்டையக் கெட்ட வேண்டியதுதான்."

அவர் மூட்டை கட்டினால் ஊரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைக்கும். நான் மூட்டை கட்டினால் பாதிப் படிப்போடு மாமியாரின் அடுப்படிக்குத்தான் போக வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. மனசுக்குள் அவரைத் திட்டினேன், நன்றாகவே திட்டினேன்.

அவர் தண்ணீரில் இறங்காததற்குக் காரணம் இருந்தது. அவர் அம்மாவின், அதாவது என் மாமியின், கூடப்பிறந்த தம்பி சங்குகுளிக்கப் போனவர் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு மாமி தன் பிள்ளையை முழங்கால் தண்ணீருக்கு அப்பால் விட்டதே இல்லை. தெருப் பையன்கள் எல்லாம் கடலில் கிடப்பார்கள். இவர் கால் நனைக்கிற நேரத்தில் கரையிலிருந்து மாமியின் குரல் வரும்: "ஏலே, ஏறி வாலே!" நானே சின்ன வயதில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், கூப்பிடுவது இவரைத்தான் என்று அப்போது தெரியாது. தெருவில் அதை எல்லோரும் பழித்துக் காட்டுவார்கள். இவர் ஏறி வந்து வந்தே முதல் வகுப்பில் தேறியவர். எந்த மீனுக்கு எத்தனை முள் என்று சொல்லிவிடுவார். அத்தனையும் கண்ணாடிக் குடுவையில் பார்த்தது.

கல்லூரிக்காரர்கள் கண்ணில் படாமல், ஊர்ப் பொதுக் குளத்துக்கு நீச்சல் பழகப் போனார். வெந்நீர் விட்ட, கூரை போட்ட குளம். ஒரு மாதம் போனார். கண் சிவந்து, மருந்துத் தண்ணீர் வாசனையோடு வருவார். எப்படி என்று கேட்டால், முன்னேற்றம் உண்டு என்பார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நானும் போய் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். குளத்தின் ஆழமில்லாத மூலையில், மிதவைப் பலகை வைத்துக்கொண்டு கூச்சல் போடும் சிறுபிள்ளைகளுக்கு நடுவில், என் வீட்டுக்காரர் சுவர்க்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லித்தருகிறவர் ஏதோ சொல்கிறார், இவர் தலையை ஆட்டுகிறார், கம்பியை மட்டும் விடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு நீச்சல் தெரியும். நான் சொல்லித் தாரேன்."

ஆத்தூரில் என் அத்தை வாக்கப்பட்டிருந்தாள். கோடை விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி ஓடும் வாய்க்காலில், வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அத்தை மகள்களோடு நீந்தப் பழகினேன். பிறகு தண்டு இல்லாமல். பிறகு ஆற்றிலேயே. கல்யாணம் பேசியபோது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சொன்னாள்: "நீச்சல் தெரியும்னு அந்த வீட்டுல மூச்சு விட்டுராத. ஆத்தங்கரையில ஆம்பளப் பயலுவளோட ஆடுனவன்னு பேசுவாவ." நான் மூச்சு விடவில்லை.

அவர் நனைந்த துண்டை அடுப்புக்கு முன்னால் காயப்போட்டார். பிறகு, "இத ஏன் எங்கிட்ட மறைச்ச?" என்றார்.

"நீங்க மறைக்கலியா?"

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டியைக் கழுவிக்கொண்டே, "எப்பம் போவோம்?" என்று கேட்டார்.

குளத்தில் இறங்க எனக்கு ஒரு உடுப்பு வேண்டுமே. கடையில் கிடைத்ததைப் பார்த்தால் கைக்குட்டை அளவுக்கு இருந்தது. கறுப்பில் ஒன்று வாங்கி, அதே நிறத்தில் கையும் முழங்கால்வரை காலும் வைத்துத் தைத்துக்கொண்டேன். தலைமுடி அடுத்த பிரச்சினை. பெண்கள் ரப்பர் தொப்பி போடாமல் இறங்கக்கூடாது. என் கொண்டையோ தொப்பியைத் துப்பிவிட்டு வெளியே வந்தது. வாசலில் இருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து இன்னொரு தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு தொப்பி மாட்டிக்கொண்டு, உலகத்தில் யாரும் பார்த்திராத ஒரு பிராணியாக நான் தண்ணீரில் இறங்கினேன். முதலில் குளத்தை ஒரு தடவை நீந்திக் காட்டினேன். திரும்பி வந்தபோது அவர் கம்பியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

சொல்லிக்கொடுப்பதுதான் பாடாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. மோவாயைப் பிடித்து மிதக்கவிட்டால், உப்புத் தண்ணீரில் உடம்பு அதிகம் மிதக்கும், இது நல்ல தண்ணீர், அதனால்தான் முங்குகிறேன் என்பார். மீனுக்கு வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது என்பார்.

"மீனுக்குப் பொறவு பாடம் எடுங்க. இப்பம் காலை அடிங்க."

அடித்தார். பனி விழுந்த நாட்களிலும் போனோம். ஒரு சனிக்கிழமை என் கையை விட்டு ஐந்தாறு முழம் தானாகப் போனார். அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறி அக்கரைவரை போகவும் வந்துவிட்டது. ஆனால் குதிக்க மட்டும் மாட்டார். ஏணியில் ஒவ்வொரு படியாக, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி இறங்குவார். பரிசோதனையிலோ முழு உடுப்போடு உயரத்திலிருந்து குதித்து, நீந்தி, மிதவையைத் தொட வேண்டும். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

அந்த நாளும் வந்தது. கல்லூரிக் குளம். நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். கப்பல் குழுவினர் ஒவ்வொருவராகப் பலகையில் ஏறித் தொப்பு தொப்பென்று குதித்தார்கள். இவர் முறை வந்தது. ஏறினார். நுனிக்குப் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பரிசோதனைக்காரர் விசில் ஊதினார். கீழே பேராசிரியர் சிரித்தபடி அண்ணாந்து பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எனக்கு மேலே இருந்தே தெரிந்தது. பரிசோதனைக்காரர் மறுபடி ஊதிவிட்டு, இறங்கு என்று கைகாட்டினார். இவர் மெதுவாக ஏணிப் பக்கம் திரும்பினார்.

ஏணியில் அவர் இறங்கினால் எங்கே போய் நிற்போம் என்று எனக்குத் தெரியும். என் பாதிப் படிப்பு, மாமியாரின் அடுப்படி, எல்லாம் கண்ணில் வந்துபோனது. எழுந்து நின்றேன். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"ஏலே! குதிலே!"

கட்டின புருஷனை. 'ஏங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அதுவரை கூப்பிட்டதில்லை. அந்தக் கூரைக்குள் அது எதிரொலித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அர்த்தம் தெரிந்தவர் ஒருவர்தான், அவரைக் காணவில்லை. பலகை ஆடிக்கொண்டிருந்தது, தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தலை மேலே வந்தது. இருமினார், துப்பினார், காலை அடித்தார். அழகான நீச்சல் என்று யாரும் சொல்ல முடியாது. மிதவையைத் தொட்டுவிட்டார்.

பேராசிரியர் கை தட்டினார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவும் மனசு வரவில்லை. இறங்கும் இடம் நெருங்கும்போது சொன்னார்.

"நான் பொறந்ததுல இருந்து 'ஏலே, ஏறி வா'ன்னுதான் கேட்டுருக்கேன். குதின்னு ஒருத்தி சொன்னது இன்னைக்குத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளத்து மருந்து என்றார்.

கப்பலில் போனார், வாந்தி எடுத்தார், மீனோடு வந்தார். நானும் படிப்பை முடித்தேன். இரண்டு பட்டத்தோடு ஊர் திரும்பினோம். மாமிக்கு முன்னால் பழையபடி நான் 'ஏங்க', அவர் 'ஏளா'.

வந்த ஒரு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடற்கரைக்குப் போனோம். மாமியும் வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு வள்ளம் நங்கூரம் போட்டுக் கிடந்தது. இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கி நீந்த ஆரம்பித்தார்.

"ஏலே, ஏறி வாலே! ஏலே!"

மாமியின் குரல் அப்படியே இருந்தது. கரையில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினார். மாமி நடுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆருளா இவனுக்கு இதெல்லாம் படிச்சுக் குடுத்தது? வெள்ளக்காரனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் சொன்னது அப்போதும் காதில் இருந்தது. ஆனால் அவர் அங்கேயிருந்தே கத்தினார், கடற்கரை முழுக்கக் கேட்கும்படி.

"வெள்ளக்காரன் இல்லம்மா! ஒங்க மருமவதான்!"

மாமி என்னைப் பார்த்தார்கள். தம்பியைக் கடலுக்குக் கொடுத்த அந்தக் கண்ணை என்னால் நேரே பார்க்க முடியவில்லை. சட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பேச்சு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒனக்கு நெசமாவே நீச்சல் வருமா?"

"வரும், மாமி."

மாமி என் கையிலிருந்த சட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"பொறவு எதுக்கு இங்கன நிக்க? போய் அவனக் கூட்டிட்டு வா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.