வராத வெள்ளமும் மாடியேறிய பீரோவும்

அணை அலுவலகத்தில் அவருக்கு வேலை, இன்னும் வராத தண்ணீரைக் கணக்குப் போடுவது. மலையில் எவ்வளவு பெய்யும், அது எப்போது அணைக்கு வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் மதகைத் திறந்து, வரப்போகும் வெள்ளத்துக்கு அணையில் இடம் பண்ணுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். "அப்போ இன்னைக்குத் துணி காயப்போடலாமா, வேணாமா?" என்றுதான் அவள் இன்னமும் கேட்கிறாள்.

கணக்கு பலித்தால் கீழே ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்? தப்பினால் மட்டும் ஊரே வீடு தேடி வரும்.

அந்த வாரம் கணினி பெருமழை என்றது. அவரும் தலையைப் பிய்த்துக்கொண்டு சரிபார்த்துவிட்டு, திறக்கலாம் என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நல்ல தண்ணீர் ஆற்றோடு போவதைப் பார்த்து மேலதிகாரிக்கு வயிறு எரிந்தது.

"மழை வரலைன்னா, கோடையில ஊருக்கு நீங்கதான் தண்ணி சுமக்கணும்."

இவருக்கோ வேறு கவலை. ஆற்றங்கரையில் பள்ளத்தில் இருந்தது மாமனார் வீடு. மனுஷன் தனியாக வேறு இருந்தார். மனசு கேட்காமல் போன் போட்டார்.

"மாமா, எதுக்கும் சாமானை எல்லாம் மாடிக்கு ஏத்திடுங்க. வெளியில சொல்லிக்க வேணாம்."

மாமனார் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குப் பிடித்து, இரும்பு பீரோவைக்கூட ஏற்றிவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பண்ணிவைத்த இடமெல்லாம் நிரம்ப, ஆறு கரைக்குள்ளேயே ஒழுங்குமரியாதையாக ஓடியது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார். மாமனார் குப்புறப் படுத்திருந்தார்.

"வெள்ளம் எங்க மாப்பிள்ளை? வாசப்படிகூட நனையல."

"முன்னாடியே திறந்துவிட்டு இடம் பண்ணி வெச்சோம் மாமா. அதான் வரல."

"வராதுன்னு கணக்கு போட்டுத்தானே திறந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம் பீரோவை ஏன் ஏத்தச் சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பொய் சொல்லவும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஊருக்கு அந்தக் கணக்கு போதும்னு தோணுச்சு மாமா. உங்களை நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு."

மாமனார் தைல பாட்டிலை மாப்பிள்ளை கையில் கொடுத்து, இடுப்பைக் காட்டினார்.

"மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுக்காரர் காதுல விழுந்துடப் போகுது. வெள்ளையடிக்கப் போறேன்னு சொல்லித்தான் அவரைத் தூக்க வெச்சேன். அவரு பீரோ கீழேயேதான் இருக்கு."