தாய்லாந்துக்காரி பிடித்த கால்

என் கணவரின் காலை இன்னொருத்தியிடம் கொடுத்தவளே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை.

எண்பதுகளின் நடுவில், அகதிகளாக வந்த எங்களை டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் குடியேற்றியிருந்தார்கள். அதற்கு முன்பு, இலங்கையில், இராணுவ முகாமில் வைத்து அவருடைய உள்ளங்கால்களில் குழாயால் அடித்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது, நடை திரும்பவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறையோடு திரிவார், அதோடுதான் படுப்பார். நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு கிட்டப் போனால் காலை மடக்கிக்கொள்வார். கலியாணம் முடித்த புதிதில், "கால் உளையுது, பிடிச்சு விடுமன்" என்று கெஞ்சிய மனுஷன்!

டேனிஷ் வகுப்பில் என்னோடு ஒரு தாய்லாந்துக்காரி படித்தாள். டேனிஷ்காரரைக் கட்டி வந்தவள். தன் ஊரில் மசாஜ் செய்தவள். அவளிடம் அரைகுறை டேனிஷில் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமையே ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் காலைக் கழுவித் துடைத்தாள். பிறகு அதன் முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பினாள். தன் காலைத்தான் கும்பிடுகிறாள் என்று எண்ணி இவர் பதறி எழும்பி, "ஐயோ, வேண்டாம் தங்கச்சி!" என்றார். அவள் தன் குருவை நினைத்துக் கும்பிட்டாளாம். மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

உடம்பில் உயிரோட்டம் போகும் கோடுகளை அவள் 'சென்' என்றாள். குதிக்காலில் இருந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கோடு. கட்டைவிரலை ஊன்றி, தன் பாரத்தை மெல்லச் சாய்த்து, கோடு கோடாக ஏறினாள். உள்ளங்காலின் நடுவுக்கு வந்தபோது இவர் முனகத் தொடங்கினார். சிங்களத்தில். தெரியாது ஐயா, சத்தியமாகத் தெரியாது ஐயா, என்று. அவள் கையை எடுக்கவில்லை. அழுத்தத்தைக் குறைத்து, அதே இடத்தில் வைத்திருந்தாள். இவர் அழுதார், பிறகு உறங்கிப்போனார்.

சில கிழமைகளில் நடை தேறியது. அந்தக் கோடுகளை நானும் அவளுடைய காலிலேயே பழகிக்கொண்டேன். ஒரு பின்னேரம் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"காலை நீட்டுங்கோ. இனி நான் செய்யிறன்."

"நீர் வேண்டாம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆரோ ஒருத்திக்கு நீட்டுவியள், கட்டினவளுக்கு நீட்ட மாட்டியளோ?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவவுக்குச் சிங்களம் விளங்காது. நீர் கொழும்பில படிச்சனீர்."

நான் எழுந்து குசினிக்குப் போய், தேநீர் போடுவதுபோல் பாசாங்கு செய்தேன். விளங்கும் என்பதற்காகவே என்னை விலக்கிவிட்டார். அதை என் மனம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அதன்பிறகு அவள் வரும் நாட்களில், மழையென்றாலும், நான் கடைக்குப் போய்விடுவேன்.

போன மாரியில் அவர் ஆஸ்பத்திரியில் காலமானார். எங்கள் வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். வெள்ளைத் துணியோடு வந்த மகனிடமிருந்து அதை நான் வாங்கிக்கொண்டேன். காலுறைகளைக் கழற்றி, கால்களை மடியில் வைத்தேன். குதிக்காலில் கட்டைவிரலை ஊன்றி, ஒவ்வொரு கோடாகப் போனேன். நடுவிலும் அழுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.