நிறுத்தும் அதிகாரம்

திருகோணமலைத் துறைமுகத்தருகே எனக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. நான்கு பேருடன் தொடங்கியது இருபது பேராக வளர்ந்த பிறகும், என்னைக் கேட்காமல் இயந்திரத்தை யாரும் நிறுத்தக்கூடாது என்று கட்டளையிட்டிருந்தேன். இரண்டாவது தொழிற்சாலைக்கு நிலம் பார்க்க நான் குச்சவெளிக்குப் போன அன்று, குழாயில் ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயு கசியத் தொடங்கியது. இயந்திரம் பார்ப்பவர் எனக்காகக் காத்திருந்தார். குழாய் வெடித்து அவருடைய இரு கண்களும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மிசினை நிப்பாட்டேல்லை?" என்று கேட்டேன்.

"உங்களைக் கேக்காமல் நிப்பாட்ட ஏலாது எண்டு நீங்கள்தானே முதலாளி சொன்னனீங்கள்" என்றார். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் தொழிலாளரைக் கூட்டி, ஆபத்தென்றால் யாரும் நிறுத்தலாம் என்றேன். அப்போது, கண்ணிழந்தவர் விபத்தன்று வேலை உடுப்புக்கு மாறும்போது கழற்றி மாட்டிய சட்டையை வாங்கிப்போக அவர் மனைவி வாசலில் வந்து நின்றார்.