மைக்கில் ஏறிய என் ஜெபக் குறிப்பு

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறேன். செரும முடிகிறது என்பதே என் சாட்சியில் பாதி. மீதிப் பாதியைக் கேளுங்கள்.

இலுப்பூர் பக்கம் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார் நான். பள்ளியின் பெயர் வேண்டாம். எங்கள் தாளாளர் ஐயா இந்தப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் படிப்பவர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ஒலிபெருக்கி'. நான் பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் நடத்தினால், பக்கத்து அறையில் கணக்குப் போடுகிற ஆறாம் வகுப்புப் பையன் விடைக்குப் பதிலாக ஜெர்மனி என்று எழுதி வைப்பான். அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடுகிற நாளில் எங்கள் கிறிஸ்மஸ் விழா. வருஷா வருஷம் அதற்கு மைக் பிடிப்பது நான்தான். மேய்ப்பன் வசனத்தை மறந்தாலும், ஆட்டுக்குட்டி மேடையிலேயே புழுக்கை போட்டாலும், ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஊழியம் அது ஒன்றுதான்.

அந்தக் குரல் போன ஐப்பசியில் போயிற்று. முதலில் கரகரப்பு. பிறகு கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தம். பிறகு வெறும் காற்று. திருச்சியில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, "கட்டி ஒண்ணு இருக்கு. சதையெடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருக்கேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் பேசக் கூடாது" என்றார். என்ன கட்டி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் கீரனூர் தாண்டும்வரை எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. அப்போதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது.

வீட்டில் சொல்லவில்லை. முந்தின வருஷம்தான் என் மாமனாரைப் புற்றுநோய் கொண்டுபோயிருந்தது. அந்த வார்த்தையை மறுபடியும் வாசல் தாண்டி உள்ளே கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. சளி என்று சொல்லிவைத்தேன். ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னேன். எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் தேவராஜ் அண்ணன். ஒரே பைக்கில் பல வருஷம் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். டீக்கடைப் பெஞ்சில் அவர் காதோடு காதாகச் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "கலங்காத தம்பி. உசிரு போனாலும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஜெபம் மட்டும் பண்றேன்."

மனுஷன் வாக்குத் தவறவில்லை. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஜெபம் மட்டும்தான் பண்ணினார். எங்கே என்று கேளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின புதன்கிழமை, காலை அசெம்பிளியில், மைக்கில்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ஆண்டவரே, பரீட்சை எழுதப்போற பிள்ளைகளை ஆசீர்வதியும். எங்க சமூக அறிவியல் சாரோட தொண்டையில இருக்குற கட்டி, அது கேன்சரா மட்டும் இருந்துறக் கூடாது ஆண்டவரே..."

மூடிய கண்ணெல்லாம் ஒரே நேரத்தில் திறந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் இரண்டு கண் என்னையே பார்த்தன. அவள் என் மகள் கிருபா. நான் சட்டென்று என் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த அசெம்பிளியில் பக்தியாகக் கண்மூடி நின்றவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே அழுகை. கிருபா மட்டும் அழவில்லை.

"தேவராஜ் பெரியப்பாட்ட சொல்லுவீங்க. எங்ககிட்ட சளின்னு சொல்லுவீங்க. எங்கப்பாவுக்கு என்னான்னு நான் மைக்குல கேட்டுத் தெரிஞ்சிக்கணும். அப்படித்தானப்பா?"

பதில் சொல்லக் குரல் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேச முடியாதவனோடு ஒருத்தி பேசாமல் இருப்பதில் என்ன தண்டனை என்று கேட்பீர்கள். இருந்து பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் காட்சிப் பொருளானேன். ஏழாம் வகுப்பு கற்பூரவல்லி இலை கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பு பனங்கற்கண்டு கொண்டுவந்தது. விராலிமலைப் பக்கத்து அம்மா ஒருவர் திருநீற்றுப் பொட்டலம் கொடுத்து, "ஒங்க சாமி கோவிச்சுக்காதுல்ல சார்?" என்று கேட்டார். தேர்வு அறையில் என்னால் யாரையும் அதட்ட முடியாது என்று தெரிந்தும் ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. சாகப்போகிற வாத்தியாரைத்தான் பிள்ளைகள் இப்படி மதிப்பார்கள்.

அடுத்த அடி தாளாளர் அறையில் விழுந்தது. "நீங்க ரெஸ்ட் எடுங்க சார். இந்த வருஷ விழாவைத் தேவராஜ் சார் நடத்தட்டும்." நான் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். 'வேணாங்கய்யா' என்று ஒரு வார்த்தை. அதுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. "சரிங்கய்யா" என்றார், தயாராக வைத்திருந்தவர் மாதிரி. என் ரகசியத்தை மைக்கில் போட்டவர், இப்போது மைக்கையும் எடுத்துக்கொண்டார். கட்டியைவிட அது அதிகமாக அடைத்தது. மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன்.

பிரியமானவர்களே, அந்த நாட்களில் நான் ஜெபித்ததை மறைக்காமல் சொல்கிறேன். நீட்டி முழக்கி ஜெபிக்கிறவன் நான். என் ஜெபத்துக்குப் பயந்தே சில வீடுகளில் என்னைச் சாப்பாட்டுக்கு அழைப்பதில்லை. இப்போது மனசுக்குள் மட்டும்தான் முடிந்தது. 'அப்பா, நான் சாகப் பயப்படுகிறேன். இந்த ரிசல்ட்டை மாற்றும். என் பிள்ளை என்னோடு பேசட்டும்.' இதுவரைக்கும் நல்ல ஜெபம். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அந்த ஆளுக்கும் குரல் வேண்டாம். கட்டி வேண்டாம், பாவம். ஒரு தொண்டைக்கட்டு போதும்.'

விழா நாள் வந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த கூச்சல். வைக்கோல் குடில், துண்டு கட்டிய மேய்ப்பர்கள், எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஆட்டுக்குட்டி. எனக்குக் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கொடுத்திருந்தார்கள். தாத்தா பேச வேண்டாம், மிட்டாய் எறிந்தால் போதும். சிவப்பு அங்கியும் சிரித்த முகமூடியும் தாடியும் மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன்.

தேவராஜ் அண்ணன் ஓடி வந்தார். வாயைத் திறந்தார். வெறும் காற்று.

மறுபடி திறந்தார். மறுபடி காற்று. பனியில் நின்று விழாவுக்கான கவாத்துக்கும் நாட்டியத்துக்கும் பயிற்சி கொடுத்துக் கத்தியதில் குரல் மொத்தமாகப் போய்விட்டது. இத்தனை வருஷ விசுவாச வாழ்க்கையில் என் ஜெபம் இவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்டதே இல்லை!

அங்கேயே சண்டை தொடங்கிற்று. குரல் இல்லாத இரண்டு பேர் போட்ட சண்டை. கையை ஆட்டினோம், நெஞ்சில் அடித்துக்கொண்டோம். மேய்ப்பர்கள் அதை ஒத்திகை என்று நினைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவர் காதருகே போய்க் காற்றாகக் கேட்டேன்.

"ஏண்ணே காட்டிக் குடுத்தீங்க?"

"பயந்துட்டேன் தம்பி. நான் ஒருத்தன் கேட்டு ஆண்டவர் குடுப்பாரா? இத்தனை பிள்ளைகளும் சேந்து கேட்டா தட்ட மாட்டாருன்னு..." அவர் கண்ணில் தண்ணீர். "கிருபா நிக்கிறத மறந்துட்டேன். தப்புதான்."

"அப்ப மைக்க ஏன் வாங்குனீங்க?"

"நான் வேணாமுன்னா சயின்ஸ் மேடம் கைக்குப் போயிரும். அங்கிட்டுப் போனா ஒனக்குத் திரும்பி வருமா?"

முகமூடிக்குள் நான் அழுதேன். முகமூடி சிரித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஒங்க தொண்டைக்கு நானும் ஜெபிச்சேன்" என்றேன்.

"கொணமாகவா?"

"இல்ல. கட்டிக்க."

அவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருமல் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே கூட்டம் கைதட்டி விசிலடிக்கிறது. மைக்கில் ஆள் இல்லை. அப்போது பாடகர் குழுவிலிருந்து மைக்கில் ஒரு குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அமைதியா இருங்க. எவ்ளோ அமைதின்னா, எங்கப்பா அளவுக்கு."

பந்தலே சிரித்தது. என் மகள்! அன்றைய விழா முழுவதையும் அவளே நடத்தினாள். என் ஜோக்குகள் பாதி. என்னைப் பற்றிய ஜோக்குகள் மீதி. கடைசியில் தாத்தாவை மேடைக்குக் கூப்பிட்டாள்.

"தாத்தா, வீட்ல சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

தலையாட்டினேன்.

"இனிமே சொல்லுவீங்களா?"

தாடி கழன்று விழும்வரை ஆட்டினேன். அவள் குனிந்து அதை எடுத்து என் காதில் மாட்டிவிட்டு, மைக்கை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுக்குப் போயி மிச்சத்தப் பேசிக்கிறேன்."

பேசிக்கிறேன் என்றாள்! அந்த ஜெபம் அங்கேயே கேட்கப்பட்டது.

லீவில் ரிசல்ட் வாங்கத் திருச்சிக்கு எல்லாருமாகப் போனோம். தேவராஜ் அண்ணனும் வந்தார். "சாதாரணக் கட்டிதான். கத்திக் கத்தி வந்தது" என்றார் டாக்டர். என் மனைவி அங்கேயே முழங்காலில் விழுந்தாள். கட்டியை எடுத்தார்கள். குரல் மெல்லத் திரும்பியது. பழைய ஒலிபெருக்கி இல்லை, கொஞ்சம் ஒட்டுப்போட்டது. முதல் உலகப் போர் இப்போது பத்தாம் வகுப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அண்ணன் தொண்டையும் பொங்கலுக்குள் சரியாயிற்று. அதற்கும் தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் புதன்கிழமை இன்னும் வலிக்காமல் இல்லை. மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டால் இப்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். ஆனாலும் மறுபடி ஒரே பைக்கில்தான் போகிறோம். இன்று ஏதோ ஒரு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறவர் இதைப் படித்தால், உங்களை ஆண்டவர் கையில் கொடுத்துவிடுங்கள். நண்பன் கைவிட்டதாகத் தோன்றுகிற நாளிலும் அவர் விடமாட்டார். ஆனால் முதலில் வீட்டில் சொல்லிவிட்டு ஜெபியுங்கள்.

மாசியில் ஒரு புதன்கிழமை, அதே மைக்கில் நன்றி ஜெபம் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றேன். ஜெபத்தின் நடுவில் ஒற்றைக் கண்ணைத் திறந்து ஒன்பதாம் வகுப்பு வரிசையைப் பார்த்தேன். அங்கேயும் ஒற்றைக் கண் ஒன்று திறந்திருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிதானமாக மூடிக்கொண்டது.