அண்ணன்மாரிடம் கேட்காத கேள்வி

இன்று பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் எங்கள் தெரு மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் சீட்டில் அவர் மகள். அடுத்த மாதம் கல்யாணம். முகம் நிறையப் பரு.

"தோல் டொக்டர்கிட்ட போனோம் அக்கா. மாத்திரை எழுத முன்னாடி, கர்ப்பமாகிற வாய்ப்பு இருக்கானு கேக்கிறாரு! கல்யாணமாகாத பிள்ளைகிட்ட! கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

"பிறகு?"

"இவ பெரியம்மா மகனுக்கும் பருவுக்கு டொக்டர் சொன்ன இதே மாத்திரைதான். அவன்கிட்ட இப்படியெல்லாம் கேக்கல. அவன் சாப்பிட்ட மிச்சத்த இவளுக்கு வாங்கிட்டு வந்துட்டேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது.

"அவன்கிட்ட ஏன் கேக்கப் போறாங்க? இத சாப்பிடுறப்ப கரு தங்கினா, பிள்ளை குறையோட பிறக்கலாம். அதுக்குத்தான் கேட்டாரு."

"மெதுவா அக்கா, பஸ்ஸுல ஆள் இருக்கு!"

கல்யாணம் முடிந்த மறுமாதமே ஊரெல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கும். அதில் கூச்சமில்லை. டொக்டர் கேட்டால் மட்டும் மானம் போகிறது.

மகள் திரும்பிக் கையை நீட்டினாள். "அம்மா, அந்த மாத்திரையக் குடுங்க. டொக்டர்கிட்ட நானே பேசுறேன். நீங்க வெளிய இருங்க."



உங்கள் வீட்டிலும் பிள்ளையிடம் டொக்டர் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்கிறீர்களா?