வயிற்றில் சக்கை இருக்கக் கூடாது

போன சனிக்கிழமை குண்டசாலைக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். இறங்கினோம். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். இதெல்லாம் உங்களுக்கும் பழக்கம்தானே?

என்னோடு வந்தவள் ஜெயராணி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நெடுந்தூரம் ஓடுபவள். மறுநாள் கண்டியில் ஓட்டப் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் ஒரு கம்பெனி தன் அணியில் சேர்த்துக்கொண்டு வேலையும் தரும். கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. அவளுக்குச் சிங்களம் வராது. எனக்கு ஓரளவு வரும் – ஊர் ஊராய்த் திரிந்ததில் கிடைத்த படிப்பு. அதனால் துணைக்குப் போனேன்.

ஓட்டக்காரர்களின் சாப்பாடு இப்போது எப்படி மாறிவிட்டது தெரியுமா? நான் லொறியில் கிளீனராக இருந்த காலத்தில், ஓட்டத்துக்கு முதல் நாள் இறைச்சி, விடிந்ததும் பச்சை முட்டை. ஓடும்போது தண்ணீர் கூடாது. வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், அவ்வளவுதான். விழுங்கினால் வயிறு குத்துமாம். அப்படி ஓடி மயங்கி விழுந்தவர்களை லொறியில் ஏற்றி வந்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் தலைகீழ். ஜெயராணியின் கோச் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க உத்தியோகம். புதிய விஷயங்களைத் தேடிப் படிக்கிறவர். சோறும் பாண் ரொட்டியும்தான் ஓட்டத்துக்கு எரிபொருள் என்கிறார். தாகம் எடுக்கும் முன்பே, குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டுமாம். முதல் நாள் கீரை, கிழங்கு வேண்டாம். நார்ச்சத்து குடலில் தங்கினால் ஓடும்போது தொல்லை.

நார்ச்சத்து... ஜெயராணிக்கு அது புத்தகத் தமிழ். தன் தமிழுக்கு மாற்றிக்கொண்டாள். கரும்பை மென்று துப்புகிறோமே, அது என்ன? சக்கை.

வரிசையில் எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, அவித்த மரவள்ளிக்கிழங்கை நீட்டினார். "தின்னு புள்ள. இப்படியே ஓடுனா காத்து தூக்கிட்டுப் போயிரும்."

ஜெயராணி சிரித்துக்கொண்டே வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "வேணாங்கக்கா. நாளைக்கு ஓடுறப்ப வயித்துல சக்கை இருக்கக் கூடாது."

நான் சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். வவுனியாவில் சில காலம் இருந்தவன் நான். இந்த யுத்த காலத்தில் வடக்கே அந்தச் சொல்லுக்கு, குண்டுக்குள் அடைக்கும் வெடிமருந்து என்று பொருள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குத் தெரிந்திருந்தது. அவரும் வடக்கில் பணியாற்றிவிட்டு வந்தவராக இருக்க வேண்டும்.

"சக்க?" என்றார். அவர் பார்வை அவள் வயிற்றுக்கு இறங்கியது. துப்பாக்கி உயர்ந்தது.

பெண் பொலிஸார் அவளைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நான் சிப்பாயிடம் விளக்கப் பார்த்தேன். தேங்காய்ச் சக்கைக்குச் சிங்களத்தில் 'பொல்குடு' என்பார்கள். அதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது 'குடு' மட்டும். தெருவில் போதைத் தூளுக்கு அதுதான் பெயர். உடனே பையைக் கொட்டினார்கள். உள்ளே, பொலித்தீனில் கட்டிய வெள்ளைத் தூள் – குளுக்கோஸும் உப்பும்.

அவளை வெளியே கொண்டுவந்து, அதைத் தின்னச் சொன்னார்கள். தின்றாள். தண்ணீர் இல்லாமல், நின்றபடியே, பொலித்தீன் காலியாகும்வரை. அதன் பிறகு போகச் சொன்னார்கள். எங்கள் பஸ் போயிருந்தது.

அந்தச் சிப்பாயைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எந்த ஊரில் எதைப் பார்த்துவிட்டு வந்தாரோ...

கண்டியில் கோச்சிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஜெயராணியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தச் சொல்லை நான் வீட்டுக்குள்ளயும் சொல்றேல்லைப் பிள்ளை. அதாலதான் நார்ச்சத்து எண்டனான்."

பிறகு அவரே கடைக்குப் போய்ப் புது குளுக்கோஸ் வாங்கி, போத்தலில் கலந்து என்னிடம் தந்தார். ஏற்றம் தொடங்கும் சந்தியில் நான் நிற்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு மிடறு உள்ளே போனால் கடைசி ஏற்றத்தில் கால் தாங்கும் என்றார்.

ஞாயிறு காலை சந்தியில் நின்றேன். ஜெயராணி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. போத்தலை நீட்டினேன். கையை நீட்டினாள்.

அப்போது எனக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தாள். வேறு ஒருவர். வாகனங்களை மறிக்க நின்றவர், பாவம், அவளைக் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். நீட்டிய கை திரும்பிப் போனது. வெறுங்கையோடு ஏற்றத்தில் ஏறினாள்.

பாதி ஏற்றத்தில் இருவர் அவளைத் தாண்டினார்கள். ஐந்தாவது இடம். கம்பெனிக்காரர்கள் முதல் மூன்று பேரை மட்டும் அழைத்துப் பேசினார்கள்.

எதை, எப்போது, எவ்வளவு குடிக்க வேண்டும் என்றெல்லாம் இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பயத்தில் அடைத்த தொண்டைக்குள் அதை எப்படி இறக்குவது?

திரும்பும்போது பஸ் நிலையத்தில் மரவள்ளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். நாரைக்கூட உரிக்காமல் தின்றாள். குண்டசாலையில் பஸ் நின்றது, இறங்கினோம், ஏறினோம்.

தோட்டம் வரும்வரை அவள் வாயைத் திறந்தது கிழங்கு தின்ன மட்டும்தான்.